தாழ்ப்பாளைச் சொன்ன பெண்

இப்போதெல்லாம் எதையும் செய்வதைவிட எழுதி மாட்டுவதில்தான் எல்லோருக்கும் அக்கறை. பேங்கில் நம்பிக்கையைப் பற்றி ஆளுயரத்துக்கு எழுதியிருப்பார்கள். கீழே பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். தச்சர் ஒருவரின் பேத்தி படிக்கும் பெண்கள் பள்ளியின் வாசலிலும் அப்படி ஒரு பலகை. அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டிப் படித்தார்: துணிவு, நேர்மை, சுயசிந்தனை. மட்டமான மரம். ஓரமெல்லாம் உப்பியிருந்தது.

தலைமையாசிரியை வரச் சொல்லியிருந்தார். முந்தின நாள் பள்ளியைப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர், "என்ன குறை இருந்தாலும் தைரியமாச் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். "ஒரு குறையும் இல்லை ஐயா" என்று சொல்ல வகுப்பிலிருந்த முப்பது பெண்களுக்கும் இரண்டு வாரம் பயிற்சி நடந்திருந்தது. இருபத்தொன்பது பேர் கோரஸாகச் சொன்னார்கள். இவர் பேத்தி மட்டும், "பாத்ரூம் கதவு ஒண்ணுத்துக்கும் தாழ்ப்பாள் இல்லைங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

தலைமையாசிரியை ஒரு தாளை நகர்த்தினார். "நான் சொன்னது பொய், மன்னிச்சிடுங்கன்னு இவ எழுதின மாதிரி நாங்களே டைப் பண்ணிட்டோம். நீங்களும் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருஷம் சயின்ஸ் குரூப்."

மூலையில் நின்ற பேத்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. மருந்து செய்யும் படிப்புக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருஷமாக வீட்டையே படுத்தி எடுப்பவள். அந்த குரூப் இல்லையென்றால் எல்லாம் போச்சு.

"தாழ்ப்பாள் இருக்குங்களா டீச்சரம்மா?"

"அது இப்ப விஷயமில்ல பெரியவரே. பொம்பளப் புள்ளைக்கு எங்க எதைப் பேசணும்னு ஒரு இங்கிதம் வேணாமா?"

"துணிவுன்னு வாசல்ல மாட்டியிருக்கீங்களே?"

"அது வாழ்க்கைக்கு. ஸ்கூலுக்கு இல்ல."

தச்சர் பேத்தியைப் பார்த்தார். "அப்ப எப்படிடி சமாளிக்கறீங்க?"

"ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்குவா தாத்தா. ஜோடி ஜோடியாத்தான் போவோம்."

"அதைத்தான் நாங்க ஒற்றுமைங்கறோம்" என்றார் தலைமையாசிரியை, கொஞ்சமும் கூசாமல்.

அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கென்று தனி பாத்ரூம். கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு தாழ்ப்பாள். தச்சர் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"கீழ உள்ளதைக் கழட்டிப் புள்ளைங்க கதவுல போடட்டுங்களா? உங்களுக்கு ஒண்ணு போதுமே."

"பெரியவரே!"

"சரி விடுங்க. கையெழுத்துப் போடறேன். ஆனா கீழ என் கையால ஒரு வரி எழுதுவேன். 'என் பேத்தி சொன்னது நெசம், வந்து கதவைப் பாருங்க.' அந்தப் பெரிய மனுசருக்கே அனுப்பிடுங்க."

தாள் மேஜையிழுப்பறைக்குள் போன வேகம் இருக்கிறதே! தலைமையாசிரியையின் முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"சயின்ஸ் குரூப்தான், கவலைப்படாதீங்க. இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் எங்களுக்குப் பெருமை. ஆண்டு விழாவுல துணிவைப் பத்தி இவளையே பேச வைக்கிறோம். பேச்சை நாங்களே எழுதிக் குடுத்துடுவோம்."

"குரூப்புல சேத்தாச்சுன்னு எழுதிக் குடுங்க."

"என் வார்த்தை போதாதா?"

"போதாதுங்க."

"லிஸ்ட்ல பேர் வரும், பாருங்க."

வராந்தா வரை பேத்தி கூடவே வந்தாள். "குடுத்துடுவாங்கல்ல தாத்தா?"

"பேர் வரட்டும், அப்பறம் பேசு" என்றவர் படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.