‘நாடு’ என்று நான் எழுதிய இடம்

1

இந்தக் கதை என் தவறில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? படையை எப்படி அமைப்பது, எந்தப் போர் நியாயம் என்று பேசும் பழைய சீன நூல் ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினேன். துக்கத்தில் இருக்கும் நாட்டின் மேல் படையெடுக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி. ‘நாடு’ என்றே எழுதினேன்.

(பட்டுக்கோட்டைப் பக்கம் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த கூட்டு. தஞ்சாவூர்க்காரனான எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுதும்போது உறைக்கவில்லை.)

2

‘விடியற்காலையில் ஐம்பது பேர் கடப்பாரையுடன்…’ வேண்டாம், சினிமா மாதிரி இருக்கிறது.

நடந்தது இதுதான். மேல்மடை ஊர்க்காரர்கள் தண்ணீர் முறையை மீறி மதகை அடைத்துவிட்டார்கள். அதிராம்பட்டினத்துக்கு அருகே, வாய்க்காலின் கடைசியில், நட்டுப் பத்து நாளான பயிர் காய ஆரம்பித்தது. மதகைத் திறக்கக் கிளம்பியவர்களை அவர்களுடைய விவசாயிகள் சங்கத் தலைவர் ஜெகபர் அலியே நிறுத்தினார். மேல்மடையில் அன்று காலை ஒரு சாவு. அவர் கையில் என் புத்தகம்.

“மூணு நாள் போகட்டும். துக்கத்துல இருக்குற நாட்டு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

3

ஜெகபர் அலியைக் கொஞ்சம் அசடாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது, மனசுதான் கேட்கவில்லை. அவருடைய இரண்டு ஏக்கரும் அதே வாய்க்காலில்தான் காய்கிறது. அதை எந்த வரைவிலும் அவர் வாயால் சொல்லவைக்க முடியவில்லை. மனுஷன் அப்படி.

4

பக்கத்து வயல்காரி பிரகதாம்பாள் எனக்குப் போன் செய்தார். நம்பர் பின்னட்டையில் இருந்ததாம்.

“சார், நீங்கதானே எழுதுனீங்க? நாடுன்னா எங்க நாடுங்களா, இல்ல இந்தியா மாதிரி தேசமா? தேசம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பாய் கேட்டுப்பாரு. இன்னிக்கே தொறந்துடுவோம். மூணு நாள் தாங்காதுங்க பயிரு.”

தேசம்தான். சொல்ல வாயெடுத்தவன், “செத்தது யாருங்க?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“முன்ன நின்னு மதகை அடைச்சாரே, அந்த ஆளோட மக. பத்தொம்பது வயசு, பிரசவத்துல. பாவம்தாங்க, நான் இல்லங்கல. ஆனா எனக்கும் அந்த ஒரு வயலுதாங்க.”

5

முடிவு ஒன்று: தேசம் என்று சொல்கிறேன். சாவு வீட்டு வாசல் வழியாகக் கடப்பாரைகள் போகின்றன, பயிர் பிழைக்கிறது.

முடிவு இரண்டு: உங்கள் நாடுதான் என்று பொய் சொல்கிறேன். மூன்றாம் நாள் பிரகதாம்பாள் வயலில் இறங்கி… இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.

(மழை பெய்வதாகவும் ஒன்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

அவர் இன்னும் லைனில்தான் இருக்கிறார். “சார், கேக்குதுங்களா?”

போனை, படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் நீட்டுகிறேன். இந்தாருங்கள், நீங்கள் பேசுங்கள். குரல் மாறியதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவார்.