இடது காதுக்கு ஒரு சோதனை

மூன்று வாரங்களாக, இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் மனைவி திரும்புவதில்லை. செவித்திறன் பரிசோதிப்பதையே தொழிலாகக் கொண்ட அவனுக்குத் தூக்கம் கெட அது போதுமானதாயிருந்தது. அவளுடைய அம்மாவுக்கும் நாற்பது வயதில்தான் இடது காது மங்கத் தொடங்கியது. விடுமுறை நாளொன்றில் தன் பணியிடத்துக்கே அவளை அழைத்துவந்தான். ஒலிபுகாத சிற்றறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இப்பால் கருவியின்முன் அமர்ந்தான்.

"எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் பட்டனை அழுத்து."

அவள் அழுத்தினாள். உடனே மறுபடியும் அழுத்தினாள்.

"டீச்சரம்மா, நான் இன்னும் ஒண்ணுமே போடல," என்றான் மைக்கில்.

"விர்ருனு போன் அதிர்ந்துச்சே!"

"அது இங்க என் மேஜைமேல, ஆஃப் ஆகிக் கெடக்கு."

கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் அவள், சீனத்துத் தாவோ சிந்தனைகுறித்து இணையத்தில் அண்மையில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தாள். எதையும் துரத்தாதிருத்தலின் அழகைக் காலையில் நான்கு வரிகளில் எழுதுவாள். எத்தனை பேர் விரும்பினார்கள் என்பதை, இடக்கையில் பிடித்த போனில் இரவுவரை துரத்துவாள்.

மூன்றாம் முறையும் ஒலி எதுவும் இல்லாமலே பட்டன் அழுந்தியது. அவள் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். "ஏங்க, அம்மா மாதிரி ஆயிடுமா? நான் எவ்வளவு உன்னிப்பா பிடிக்கப் பார்த்தாலும்..."

"பிடிக்கப் போகாத. வந்தா வரட்டும்."

"அது நான் நேத்து எழுதின வரி!"

"தெரியும். லைக் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்."

அவள் சிரித்தாள். தோள்கள் இறங்கின, பட்டன்மேல் விரைத்திருந்த விரல் தளர்ந்தது. அவன் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும், அதற்கு மட்டும், அவள் அழுத்தினாள். கடைசி ஒலி அவனுக்கே கேட்டிருக்காது.

வெளியே வந்தவளிடம் தாளை நீட்டினான். "பழுதே இல்ல. ரெண்டு காதும் பச்சக் குழந்தை காது."

நிம்மதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், அவன் முகத்தில் அந்த நிம்மதி முழுதாக இல்லாததைக் கண்டாள். காதில் குறையில்லை என்றால், மூன்று வாரமாக அவன் பேசியவை எங்கே போயின? அதை அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் சுட்டது.

அவன் கொடுத்த போனை ஆன் செய்யாமலே பைக்குள் போட்டாள். முக்காலியை இழுத்து, இடது காது அவன்பக்கம் இருக்குமாறு நெருங்கி உட்கார்ந்தாள்.

"இந்த மூணு வாரமா என்னென்ன சொன்னீங்க?"

"பாதி மறந்துபோச்சு."

"மீதியச் சொல்லுங்க."

அவன் நாற்காலியை அவள்பக்கம் திருப்பினான்.

"கிச்சன் குழாய் ஒழுகுது."

"அப்புறம்?"