அபா காத்த கூடு

மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார். "கெளுத்தியத் தூக்கிக்கிட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன், மாப்ள. முழு அபா வேணும். வால் நுனிகூட முறியாம வேணும்."

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு அபா மீன் கொண்டுபோய் வைப்பது எங்கள் ஆற்றோரத்து வழக்கம். நான் கட்டப்போகும் லாயெஃபாவுக்காக வாரக்கணக்கில் வலை போட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. அது என்ன சாமானியப்பட்ட மீனா? வாலிலிருந்து ஓயாமல் மெல்லிய மின்சாரத்தை விடும்; கண்ணை நம்பாமல் அதைக் கொண்டே அக்கம்பக்கம் இருப்பதை அறியும். முதுகு நெடுக ஒரே துடுப்பு. உடம்பை வளைக்காமல் அதை மட்டும் அலையவிட்டு, முன்னே வந்த மாதிரியே பின்னாலும் நழுவிவிடும்.

ஓர் அபா இருக்கும் இடம் மட்டும் எனக்குத் தெரியும். என் நண்பன் எபிமோ காட்டியது. வெள்ளம் ஏறிய புல்காட்டில் அது கட்டிய மிதக்கும் புல்கூடு, உள்ளே மஞ்சள் மணிமணியாக முட்டைகள். பொரிந்ததும் குஞ்சுகளைத் தன் குட்டையில் விட்டு வளர்க்க வேண்டும் என்று எபிமோவுக்கு ஒரே கனவு. பழைய ரேடியோவில் இரண்டு வயரைக் கட்டித் தண்ணீரில் விடுவான். கூட்டைக் காக்கும் அப்பன் மீனின் மின்சாரம் ரீங்காரமாகக் கேட்கும்.

"அப்பன்காரன் முழிச்சிருக்கான்டா, கேளு. எவனும் கிட்ட போக முடியாது, கடிச்சே துரத்திருவான்" என்பான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தனியாகப் போய்க் கூட்டின் வாசலில் கையை விட்டேன். பின்னால் நழுவத் தெரிந்த மீன் நழுவவில்லை. என் விரலைக் கவ்வியது. மறுகையால் அடியில் கூடையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். அது ஓடியிருந்தால் தப்பித்திருக்கும். வீடு திரும்பும் வழியெல்லாம் இதுவே மனதை அறுத்தது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழன் எபிமோதான். மீனைத் தலையில் சுமந்து ஆடிக்கொண்டே வந்தான்.

"எங்கடா புடிச்ச இந்த ராஜாவ?"

"தெக்கு ஓடையில."

"விரல்ல என்ன கட்டு?"

"தூண்டி முள்ளு."

"மீனப் புடிடான்னா உன்னையே புடிச்சிக்கிட்டியா!"

பந்தலே சிரித்தது. மாமனாரும் சிரித்தார்.

மிளகு சூப் வந்தபோது, மாப்பிள்ளைக்கென்று எனக்கு வைத்த அபாவின் தலையை எபிமோவின் தட்டில் போட்டேன். திருடனுக்கு வரும் தாராளம்தான், வேறென்ன? அவன் கண் கலங்கிவிட்டது. கன்னச் சதையைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டான்.

மறுநாள் மதியம் என்னைப் படகில் கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். வயரைத் தண்ணீரில் விட்டான். வெறும் இரைச்சல். இடம் மாற்றிப் பார்த்தான். அதே இரைச்சல்.

"ரேடியோ படுத்திருச்சு போல." படகிலேயே பெட்டியைப் பிரித்தான். "இங்கதான் துரு ஏறியிருக்கு. இதக் கொஞ்சம் புடி." திருப்புளியை என் கையில் கொடுத்தான்.

கூட்டுக்குள் பொடிக் கெளுத்திகள் கும்மாளமிட்டுக்கொண்டிருந்தன. முட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. குனிந்திருந்த அவன் அதைப் பார்க்கவில்லை. துருவைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு, எபிமோ."

"அப்புறம் ஏன் கேக்கல?"

விரல் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். மேலும் கீழும் பல் தடம். தூண்டில் முள் அப்படிக் குத்தாது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு திருப்புளியை என்னிடமிருந்து வாங்கி, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பெட்டியை மூடினான். படகைத் தள்ளினான்.

"தலைய எனக்குக் குடுத்தியேடா."