எண் சொல்ல மறந்த முடிசூட்டு

ஒன்பதாம் ஓட்மார் முடிசூடிய காலையில், அவனுக்கு முன் கெல்மார்க்கை ஆண்டு இறந்துபோன எட்டு ஓட்மார்களும் தேவாலயத்துக்கு அடியிலிருக்கும் கல்லறையிலிருந்து ஏறி வந்து அரண்மனை விருந்து மேசையில் உட்கார்ந்தார்கள். அன்று சந்தையில் பார்லி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மழை இல்லை.

தவறு பேராயர் வில்லிபால்டுடையது. கெல்மார்க்கில் அரசனாகும் எவனுக்கும் ஓட்மார் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. முடிசூட்டும்போது பேராயர் கல்லறை மூடிக்கல்லின் மேல் நின்று, பெயரோடு எண்ணையும் சேர்த்து உரக்க அழைக்க வேண்டும். உயிரோடிருப்பவன் முன்னால் வருவான், மற்றவர்கள் உறங்குவார்கள். அன்று குளிருக்காகப் பேராயர் பிளம் சாராயம் இரண்டு மிடறு அதிகமாகக் குடித்திருந்தார். "ஓட்மாரே, எழுந்து வா" என்று மட்டும் சொல்லிவிட்டார். கல்லுக்கு அடியில் பலர் சேர்ந்து இருமும் சத்தம் கேட்டது.

காவலர்கள் கிரீடங்களைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்கள். வேறென்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோப்பைகளில் பீர் உறைந்தது. விருந்தாளிகளின் தாடிகளில் பனி படிந்தது. சமையல்காரி வால்புர்கா அடுப்படி வாசலில் பேராயரை மறித்துக்கொண்டாள்.

"என்ன சாமி இது? ஒரு ராசாவுக்கு வாத்து வறுக்கச் சொன்னீங்க. இப்ப ஒம்போது பேரு உக்காந்திருக்காங்க, அதுல எட்டுப் பேருக்குக் குடலே இல்ல. நான் எங்க போய் ஊத்துறது?"

"கத்தாதம்மா. திருப்பி அனுப்பிடுறேன்."

"அனுப்புங்க, அனுப்புங்க. வாய் கொப்புளிச்சுட்டு அனுப்புங்க."

பேராயர் மேசையருகே போய், எட்டாம் ஓட்மாரே, திரும்பிப் போ என்றார். எட்டாமவர் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனார். ஏழாமவர், ஆறாமவர் என்று ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் படியிறங்கினார்கள். இரண்டாமவர் போனதும் கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கடைசியாக, முதலாம் ஓட்மாரே என்று பேராயர் அழைத்தார். மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த கிழவர் யாரை அழைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அவர் உயிரோடிருந்த காலத்தில் இரண்டாமவர் என்று ஒருவர் இருந்ததில்லை. அதனால் அவரை யாரும் முதலாமவர் என்று சொன்னதில்லை. பேராயர் திரும்பத் திரும்ப அழைத்தார். கிழவர் வாத்தின் தொடையைப் பிய்த்தார்.

அப்போதுதான் எல்லோருக்கும் அவர் யாரென்பது நினைவுக்கு வந்தது. முடிசூடுவதற்கு முன் தன் தம்பிகள் இருவரையும் ஓரன் ஆற்றில் அமுக்கிக் கொன்றவர் அவர். அரியணைக்கு உரிமையுள்ள வேறொருவன் உயிரோடு இருப்பதை அவர் ஒருநாளும் பொறுத்ததில்லை.

"என் பேரை வச்சிருக்கிறவன் எவன்?" என்று கிழவர் கேட்டார். உரக்கக்கூட இல்லை. ஆனால் காவலர்கள் கதவுகளை அடைத்தார்கள். ஓட்மாரின் ஆணைக்குக் கீழ்ப்படிவதாக அவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள். எந்த ஓட்மார் என்று அந்தச் சத்தியத்தில் இல்லை.

இளைய அரசன் எழப்போனான். அரசி அடெல்குண்டா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து, அவன் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றிக் கிழவரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க அப்படி யாரும் இல்லைங்க ராசா. நீங்க ஒருத்தர்தான் ஓட்மார்."

"அப்ப இவன் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"பேரு?"

"பேரு ஒண்ணும் கிடையாதுங்க."

சொல்லி முடித்ததும் அது உண்மையாகிவிட்டது. கூடத்திலிருந்தவர்கள் அந்த இளைஞனைப் பார்த்தார்கள். நல்ல முகம், எங்கேயோ பார்த்த முகம், பெயர்தான் வாயில் வரவில்லை. அவனைப் பெற்றவளுக்கும் வரவில்லை. கிழவர் வெகுநேரம் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு கெல்மார்க்கில் முடிசூட்டு விழா நடக்கவில்லை. செத்துப்போனவரே ஆண்டுகொண்டிருக்கிறார். கோடையிலும் அரண்மனைச் சன்னல்களில் பனி இருக்கும். நாணயத்தில் முகம் மாற்றும் செலவு மிச்சம் என்று வியாபாரிகள் சொல்வார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. ஆற்றங்கரை வீடுகளில் ஆண் குழந்தை பிறந்தால், அரண்மனைக்குத் தெரியக் கூடாதென்று விளக்கை அணைத்துவிடுவார்கள். வில்லிபால்டு சாராயத்தை விட்டார். தூக்கமும் அவரை விட்டது.

அடெல்குண்டாவும் அவள் கணவனும் மலைச்சரிவில் ஆப்பிள் தோட்டம் போட்டார்கள். அவள் "ஏங்க" என்றால் எந்த மரத்தின் மேல் இருந்தாலும் அவன் இறங்கி வருவான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அரசனின் குதிரை வீரர்கள் தோட்டத்துக்கு வந்து, ஓட்மார் என்று யாராவது இங்கே உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்பாள் அவள். அவர்கள் அவனைப் பார்ப்பார்கள், அவனும் பார்ப்பான். ஆளுக்கொரு குவளை ஆப்பிள் மது குடித்துவிட்டு, அடுத்த வருடம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.