வால் முளைத்த வட்டம்

அந்த ஆபீசில் கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு வாய்த்த தலைவருக்குச் சொற்கள் என்றாலே ஆகாது. 'கூட்டு', 'வரிசைப்படுத்து' என்று எழுதினால் முகத்தைச் சுளிப்பார். எல்லாவற்றுக்கும் ஒரு குறி வேண்டும்: தலைகீழ் முக்கோணம், வால் முளைத்த வட்டம், இன்னும் என்னென்னவோ. மூன்று வரி ஒரே குறியில் அடங்கிவிடுமாம். அடங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதை எந்தப் பொத்தானைத் தட்டி வரவழைப்பது என்று மட்டும் மகாராசன் வாயைத் திறக்க மாட்டார். கீபோர்டில் இருப்பதோ ஊர் உலகத்துக்கெல்லாம் இருக்கிற பொத்தான்கள்தான்.

அதனால் கோப்பின் உச்சியில் எல்லாக் குறிகளையும் ஒரு வரியில் போட்டு வைத்திருந்தார்கள். வேண்டியதை அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுவார்கள். அன்று காலை தலைவர் கண்ணில் அந்த வரி பட்டது. "என்ன குப்பை இது?" என்று அழித்துவிட்டார்.

அன்றைக்குப் பார்த்துத்தானா அக்காவுக்கு அவசரம் வர வேண்டும்? ஆபீசில் எல்லோருக்குமே அவள் அக்காதான். மாலையில் சொந்தத் தங்கைக்குப் பதிவுத் திருமணம். பெற்றவர்கள் இல்லாத பெண். சாட்சிக் கையெழுத்து இவள்தான் போட வேண்டும். கிளம்பும்போது இவர்கள் நிரலை வாங்கிய ஒரு மருந்துக் கிடங்கிலிருந்து போன்: சரக்குப் பட்டியல் தலைகீழாக வருகிறது. உட்கார்ந்து, சொற்களாலேயே மளமளவென்று எழுதிச் சரிசெய்தாள். தலைவர் தலையாட்டினால் கிளம்பிவிடலாம்.

"வேலை செய்யுதே சார்."

"செய்யுதும்மா. பாக்கத்தான் சகிக்கல. அந்த வால் வட்டத்தைப் போடு, அப்புறம் அனுப்பலாம்."

சொல்லிவிட்டு மீட்டிங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பழைய பிரதியைத் திறக்கவும் அவர் அனுமதி வேண்டும். கோப்பில் வேறெங்கும் அந்த வட்டம் கிடையாது.

போடு என்றால் எப்படிப் போடுவது? பொத்தான்களை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக அமுக்கிப் பார்த்தாள். திரை கறுத்தது, எழுத்து பெருத்தது, பிரிண்டர் அலறியது. வட்டத்தை மட்டும் காணோம். இணையத்தில் பட்டியல் பட்டியலாகத் துழாவி ஒருவழியாக அதைப் பிடித்து ஒட்டியபோது தங்கையிடமிருந்து செய்தி வந்தது: "ரிஜிஸ்டர் ஆபீஸை மூடப் போறோம்னு சொல்லிட்டாங்கக்கா. பக்கத்துக் கடைக்காரரை சாட்சிக்குக் கூப்பிட்டு முடிச்சுட்டோம். அழாத."

அழாமல் என்ன செய்வாள்? பாழாய்ப்போன ஒரு வட்டத்துக்காக, யாரோ ஒரு கடைக்காரர் அவள் இடத்தில் நின்றுவிட்டார்.

தலைவர் வந்து திரையைப் பார்த்துப் பூரித்தார். "இப்ப எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

"என் தங்கச்சி கல்யாண போட்டோவும் அழகாத்தான் சார் இருக்கும். அதுல நான்தான் இல்ல."

மனுஷன் தன் நாற்காலிக்குப் போனார். சற்று நேரத்தில் எழுந்து வந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"அது சரி, அதை எப்படிம்மா அடிச்சே? எனக்கும் ஒண்ணு வேணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள்.

"சொல்லாலேயே எழுதிக்குங்க சார்."