கசங்காத சட்டை

கொடியிலிருந்து எடுத்து ஓர் உதறு உதறியதும் அவள் வாயைப் பிளந்துவிட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. சந்தேகம் தீராமல் சட்டையைக் கைக்குள் சுருட்டி, ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு முறுக்கி விட்டுப் பார்த்தாள். அது ஒன்றுமே நடக்காதது போல விரிந்துகொண்டது. பதினெட்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுவதையும் இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுத்தவளுக்கு அது கண்கட்டு வித்தையாகத்தான் இருந்தது.

கணவர் டைல்ஸ் கடை ஒன்றின் மேலாளர். வாடிக்கையாளர் முதலில் சட்டையைப் பார்க்கிறார், அப்புறம்தான் சரக்கைப் பார்க்கிறார் என்பது அவர் கட்சி. முழுக்கை, வெளிர் நிறம், மடிப்பு கலையக் கூடாது. ஒரு ஞாயிறு அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி, "இனிமே என்னால ஆகாதுங்க. உங்களுக்கும் ரெண்டு கை இருக்குல்ல" என்று சொல்லிவிட்டாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஆறு சட்டைகள்.

"தேய்க்கவே வேண்டாமாம். துவைச்சு உதறிப் போட்டாப் போதும். இனி உனக்கு ராஜயோகம்தான்" என்றார்.

முதல் ஞாயிறு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தூங்கிவிட்டாள். இரண்டாவது ஞாயிறு மகளோடு உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தாள். இந்தச் சட்டையைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்றுகூடச் சொன்னாள்.

மூன்றாவது வாரம் அவருக்குக் கழுத்து அரிக்கத் தொடங்கியது. வேர்க்குரு என்று பவுடரைப் போட்டார். பிறகு அக்குளைச் சுற்றி, முழங்கையின் உள்மடிப்பில், இடுப்பில் என்று செக்கச் செவேலென்று தடித்துப் பரவியது. சோப்பை மாற்றினார்கள். சமையல் எண்ணெயை மாற்றினார்கள். மீனை நிறுத்தினார்கள், முட்டையை நிறுத்தினார்கள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசும்போதே சொறிய வேண்டியிருக்கிறது, மானம் போகிறது என்று பொருமினார். விடுமுறை நாட்களில் மட்டும் கொஞ்சம் அடங்கும். கடையில் இருக்கிற தூசியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். பார்மாலின் தண்ணீரில் தவளை, பாம்பு, நட்சத்திர மீன், பிறக்காமலே நின்றுவிட்ட ஒரு முயல்குட்டி. அவற்றைத் துடைப்பதும், தண்ணீர் மங்கினால் மாற்றுவதும் அவள் வேலை. மாணவர்கள் அவளை ஜாடியக்கா என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும், "தவளைய வேலையிலயே விட்டுட்டு வந்தியா, இல்ல கூடவே கூட்டிட்டு வந்தியா?" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

இப்போது அவர் கேலி செய்யவில்லை. வாசலில் நுழைந்ததும், "கையக் கழுவிட்டியா?" என்றார். கழுவியாயிற்று என்றால், "இன்னொரு தடவ கழுவு" என்றார். தன் துணிகளைத் தானே எடுத்துப்போய்த் தனியாகத் துவைத்தார். ஒருநாள் மகள் குளியலறைக் கதவருகே நின்று, "ஏம்மா, உன் துண்டைத் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்றாரு?" என்று கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. அரிப்பில் மனுஷன் தூங்கியே பல நாளாயிற்று, ஏதோ உளறுகிறார் என்று விழுங்கிக்கொண்டாள்.

அவள்தான் வற்புறுத்தித் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் அவர் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி அனுப்பினார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரசாயனம். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் சிவந்து காட்டும். இரண்டு நாள் கழித்துப் போனார்கள். அவர் சட்டையைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவர் ஒட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். ஒரே ஒரு கட்டம் மட்டும் பழுத்த மிளகாய் போல் சிவந்திருந்தது.

"பார்மால்டிஹைடு. கல்லூரியில தவளைய ஜாடிக்குள்ள போட்டு வச்சிருப்பாங்களே, அந்தத் தண்ணியில இருக்கிறது" என்றார் மருத்துவர்.

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. கோபம் இல்லை அதில். ஆச்சரியம்கூட இல்லை. தெரிந்ததுதான் என்பது போல இருந்தது.

"இவ வேலையே அதுலதான் டாக்டர்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. போன மாதம் ஒரு ஜாடி உடைந்ததே, புடவையில் தெறித்திருக்குமோ? கையுறையில் ஓட்டை இருந்திருக்குமோ? இத்தனை நாளும் இந்தக் கையால்தான் அவருக்குத் தேய்த்துப் போட்டோமா, இந்தக் கையால்தான் பிள்ளையைத் தூக்கினோமா?

மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "எத்தன வருஷமா அங்க இருக்கீங்க?"

"பதினாறு வருஷமா."

"உங்க கையில ஏதாவது?"

அவள் கைகளை விரித்து நீட்டினாள். மாசு மரு இல்லாத கைகள்.

"பதினாறு வருஷமா ஒண்ணும் இல்ல. இவருக்கு மூணு மாசமாத்தான் இருக்கு. சார், மூணு மாசத்துக்கு முன்னால உடம்புல படுற மாதிரி புதுசா என்ன வாங்கினீங்க?" என்ற மருத்துவர், அவர் மடியில் கிடந்த சட்டையைக் கவனித்தார். கை நீட்டி வாங்கி விரித்தார். "அரைமணி நேரமாச் சுருட்டி வச்சிருந்தீங்க. எப்படிங்க ஒரு கசங்கல் இல்ல?"

"கசங்காது டாக்டர்" என்றார் அவர் பெருமையாக. "தேய்க்கவே வேண்டாம்..."

சொல்லி முடிக்காமல் சட்டையைப் பார்த்தார்.

கசங்காமல் இருக்கத் துணியில் ஒரு பூச்சுப் போடுவார்கள், அதிலிருந்து இது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, சிலர் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர் விளக்கினார். களிம்பு எழுதிக் கொடுத்தார். சாதாரணப் பருத்திச் சட்டை போடச் சொன்னார்.

பேருந்து நிறுத்தம் வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "சட்டையாம்! பாத்தியா கூத்த? நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்."

"என்ன நினைச்சீங்க?"

"விடு, அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"இல்லைங்க. சொல்லுங்க."

அவர் சாலையைப் பார்த்தார். சுமை இறங்கிய ஆள் எதையும் சொல்லிவிடுவான், அவரும் சொன்னார். "அன்னிக்கித் தேய்க்க மாட்டேன்னு சண்டை போட்டல்ல. அதுக்கப்புறம்தானே இது வந்துச்சு. துவைக்கிற தண்ணியில ஏதாவது கலக்குறியோன்னு... ஒருநாள் உன் பையத் தொறந்துகூடப் பாத்தேன். பாட்டில் ஏதாவது இருக்கான்னு."

அவள் நின்றுவிட்டாள்.

"நீ கட்டிக் குடுக்கிற மத்தியானச் சாப்பாட்ட ஒரு ஒன்றரை மாசமாக் கொட்டிட்டேன்" என்றார் அவர், கடைசிப் பாக்கியையும் தீர்ப்பது போல. "கடைப் பக்கத்துலயே சாப்பிட்டுக்கிட்டேன். தப்புதான். அரிப்புல புத்தி வேலை செய்யல."

டப்பா தினமும் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது அவளுக்கு நினைவு வந்தது. மீன், முட்டை என்று அத்தனை விலக்கியும் வாய்க்கு ருசியாகச் செய்துவிடுகிறோமே என்று தினமும் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாள். பேருந்து வந்தது, ஆட்கள் ஏறினார்கள், அவர் அவள் முழங்கையைத் தொட்டு, "ஏறு" என்றார். பேயறைந்தவள் போல ஏறி உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழுகை வராதது அவளுக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆறு சட்டைகளையும் ஒரு பையில் திணித்து வாசலில் வைத்தார். பழைய பனியனோடு வந்து மேசை முன் உட்கார்ந்தார். "பசிக்குது. எல்லாத்தையும் போடு. முட்டை, மீன், ஒண்ணு விடாத" என்று சத்தமாகச் சொன்னார். மகள் நடந்தது தெரியாமல், அப்பா பழையபடி ஆகிவிட்ட சந்தோஷத்தில் தட்டுகளைப் பரப்பினாள்.

அவள் சமைத்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவந்து அவருக்குப் பரிமாறினாள், மகளுக்குப் பரிமாறினாள். பிறகு தனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, உட்காராமலே, நின்றபடி ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

எப்போதும் எல்லோருக்கும் கடைசியில் சாப்பிடுகிறவள். அவர் பார்க்க, அவருக்கு முன்னால், தான் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறோம் என்பது அந்த வாய் தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மகள் ஏதோ பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த கவளம் மட்டும் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில், ஆவி பறக்க, நின்றுகொண்டிருந்தது.