படத்தில் உள்ளபடி

"சாமி, படத்துல மணிக்கூண்டு இந்தக் கைப்பக்கம் இருக்கு, வெளியில அந்தக் கைப்பக்கம் இருக்கு. ரெண்டுல எது பொய் சொல்லுது?" என்று சலவைக்காரியின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியாரிடம் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. சாமியார் உடை மாற்றும் அறையில் அந்தப் படம் மாட்டியிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கோயிலைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும் என்பதை மறந்து, கண்ணில் பட்டபடியே அவர் செதுக்கிவிட்டார். சாமியாருக்கு இது தெரியும். ஆனாலும் ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில், "படம் பொய் சொல்லாதும்மா, எவ்வளவு பழைய படம்" என்று சொல்லிவிட்டார். கோயில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் மணிக்கூண்டு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிருந்தது.

கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்து, ஒரு செங்கல்கூட அசையவில்லை என்றார். புறாக்கள் கூட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. பழைய இடத்தில் முழங்கால் உயரப் புல் நின்றது. மணியடிப்பவர் பழக்கதோஷத்தில் ஒரு வாரம் வலப்பக்கம் போய் வெறுங்காற்றைப் பிடித்து இழுத்தார். "வீட்டுல வெச்ச சாமானத்தான் தேடத் தெரியாதுன்னு நெனச்சேன். இப்ப மணிக்கூண்டையே தொலைச்சிட்டீங்க" என்றாள் அவர் மனைவி. சாமியார் தன் அவசரத்தை மேலிடத்துக்கு எழுதி மன்னிப்புக் கேட்டார். கட்டடம் உறுதியாக இருக்கும்வரை திசை ஒரு பொருட்டல்ல என்று பதில் வந்தது.

நிழலும் கூடவே இடம் மாறியதுதான் தொல்லை. வலப்பக்கம் மெழுகுவர்த்திக்காரர் வீடு. கூண்டின் நிழலில் காய்ந்த அவருடைய வர்த்திகள் இப்போது வெயிலில் கூனிக் குறுகிப் படுத்துவிட்டன. இடப்பக்கம் சலவைக்காரி வீடு. அவள் துணி காயப்போடும் கொடியில் இப்போது வெயிலே விழவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுத்துத்தான் அவளும் மகளும் சாப்பிட்டார்கள். இனி ஒரு தடவை ஈரத்தோடு வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மெழுகுவர்த்திக்காரரும் சலவைக்காரியும் பேச்சை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் கணவனின் சவப்பெட்டியைச் சுற்றி வைக்க ஆறு வர்த்தி வேண்டியிருந்தது. அவர் ஐந்து கொடுத்து, மெழுகு தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார். அன்று சாயங்காலமே பெரிய வீட்டு விருந்தில் அவர் செய்த நாற்பது வர்த்திகள் எரிந்தன. அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டாம் வாரம், அவர் வர்த்தி விற்க வெளியூர் போயிருந்த ஒரு பகலில், அவர் முற்றத்து அச்சுகளெல்லாம் இளகத் தொடங்குவதை வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த சலவைக்காரி பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய் ஈரப் போர்வைகளைக் கொண்டுவந்து அச்சுகளுக்கு மேலே கொடி கட்டிப் போட்டாள். அவர் திரும்பியபோது முற்றம் குளுகுளுவென்று இருந்தது. போர்வைகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. அவள் மகளோடு நின்று மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமாகிட்டக் கேளு, நாளைக்கும் இங்க காயப்போடலாமான்னு."

"ஒங்கம்மாகிட்டச் சொல்லு, தாராளமா போடலாம்னு. ரெண்டு ஆணி கூட அடிச்சுத் தரேன்னும் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது, நான் எதுக்கு நடுவுல?" என்றாள் மகள். சிரிப்பு யாருக்கு முதலில் வந்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

ஆண்டுகள் போயின. ஒரு போர்வைகூட ஈரத்தோடு போகவில்லை, ஒரு வர்த்தி வளையவில்லை. மகள் வளர்ந்து ஆஸ்பத்திரியிலேயே தாதியானாள். மணிக்கூண்டு எப்போதும் இடப்பக்கமே இருந்தது என்று பிள்ளைகள் நம்பினார்கள். படமும் அப்படித்தான் சொன்னது. ஆறாவது வர்த்தியைப் பற்றி மட்டும் இருவரும் ஒருநாளும் பேசவில்லை.

ஒரு புதன்கிழமை, ஊரே சாப்பிட உட்கார்ந்திருந்த வேளையில், மெழுகுவர்த்திக்காரர் ஒரு வர்த்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அவர் அதுவரை செய்ததிலேயே தடிமனானது அது. சலவைக்காரியின் கணவன் தலைமாட்டில் அதை ஊன்றி ஏற்றினார். அடிவரை எரிந்து தீரும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். அதே வேளையில், சாமியார் உடை மாற்றும் பூட்டிய அறையில், படத்தில் கல்லறைத் தோட்டம் இருந்த மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. பார்க்க அங்கே யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்தின் கண்ணாடியைத் துடைத்த மணியடிப்பவருக்கு அந்த மூலை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. துடைத்துவிட்டு மணியடிக்க இடப்பக்கம் போனார்.